யமஹா டிஎக்ஸ்7: பதினோரு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

சென்னையில் மெல்லிசை மேடைகளில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கீபோர்டு வாசித்த ஒருவர், விரல் மூட்டு வலியால் வாசிப்பதை நிறுத்திக்கொண்டபோது, 2014ஆம் ஆண்டு அவரிடமிருந்து இந்த டிஎக்ஸ்7 சிந்தசைசரை, அதாவது மின்முறையில் ஒலிகளை உருவாக்கும் கீபோர்டை, வாங்கினேன். துணி உறை, ஒரு மின்மாற்றி, கால்மிதி ஆகியவற்றோடு அதன் நினைவகத்தில் அவர் தாமே உருவாக்கி வைத்திருந்த ஒலிகளும் சேர்ந்து வந்தன. கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “காப்பி எடுத்து வெச்சுக்கங்க தம்பி, பேட்டரி போனா எல்லாம் போயிடும்.” நான் எடுத்து வைக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1983இல் வெளிவந்த இந்தக் கருவியின் விலை அமெரிக்காவில் அப்போது 1995 டாலர். 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், 32 ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம், ஏறக்குறைய 14 கிலோ எடை. அதற்கு முந்தைய சிந்தசைசர்களில் வரிசை வரிசையாக இருந்த திருகு குமிழ்கள் இதில் ஒன்றுகூட இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தட்டையான மெம்பிரேன் பொத்தான்களும், எண்ணை ஏற்றி இறக்க ஒரே ஒரு நகர்த்தியும், பின்னொளி இல்லாத இரண்டு வரித் திரையும்தான் இருக்கின்றன. எண்பதுகளின் திரையிசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதன் மின் பியானோ ஒலியைக் கேட்ட உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள், கருவியின் பெயர் தெரியாவிட்டாலும்.

இதன் உள்ளே நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கருவியைப் பற்றிய புகழ்ச்சி, குறை இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. மினிமூக் போன்ற அனலாக் கருவிகள், மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) நிறைந்த ஓர் அலையை முதலில் உண்டாக்கி, வேண்டாதவற்றை வடிகட்டியால் நீக்கி ஒலியை உருவாக்குகின்றன. டிஎக்ஸ்7 செல்லும் வழி இதற்கு நேர் எதிரானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1967ஆம் ஆண்டு ஜான் சௌனிங் ஓர் எளிய அலையின் சுருதியை இன்னொரு அலையால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவு மெதுவாக இருக்கும்வரை அது பாடகரின் குரல் அதிர்வைப் போலக் கேட்டது. அசைவின் வேகம் செவிப்புலனின் எல்லைக்குள் ஏறியபோது அது அசைவாகக் கேட்காமல் புதியதொரு ஒலித்தன்மையாகவே மாறியது. 1973இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்திடமிருந்து உரிமம் பெற்ற யமஹா, இதைச் சில்லுகளுக்குள் அடக்கியது. டிஎக்ஸ்7 கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு சைன் அலைகள் உண்டு. ஆபரேட்டர் எனப்படும் இவற்றில் காதுக்கு வந்து சேர்பவை கேரியர்கள், அவற்றை அசைப்பவை மாடுலேட்டர்கள். எது எதை அசைக்க வேண்டும் என்பதற்கான 32 அமைப்புகள், அதாவது அல்காரிதங்கள், கருவியின் மேற்பலகையிலேயே சிறு படங்களாக அச்சிடப்பட்டிருக்கின்றன.

வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் இவற்றில் எதையும் நான் தெரிந்துகொள்ளவில்லை. பெரியவரின் ஒலிகளை வாசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியின் அழுத்தத்தைத் திரையிலேயே பார்க்க வசதி இருந்தும் நான் பார்க்கவில்லை. 2016இல் ஒரு நாள் கருவியை இயக்கியபோது திரையில் பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் நின்றன. எந்தக் கட்டையை அழுத்தினாலும் இரைச்சலோ மௌனமோதான் கிடைத்தது. குற்றம் முழுவதும் என்னுடையது. கூச்சத்தோடு பெரியவரைத் தேடிப் போனபோது, அவர் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே போய் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்பது ஒலிகளுக்கான எல்லா எண்களும் பென்சிலால் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன.

டிஎக்ஸ்7 கருவியில் ஓர் ஒலி என்பது 145 எண்களும் பத்து எழுத்துப் பெயரும். ஒன்பது ஒலிகளுக்கு ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட எண்கள். பேட்டரியை மாற்றிய பின் (பழைய பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்ததால், அடுத்த முறை எளிதாகக் கழற்றும்படி ஒரு தாங்கியைப் பொருத்தச் செய்தேன்) அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளிட்டேன். நாளுக்கு ஓர் ஒலி என்று தொடங்கிய வேலை மூன்று வாரம் நீண்டது. ஏனென்றால் பாதி எண்களை உள்ளிட்ட நிலையில் கட்டையை அழுத்திப் பார்த்தால் கேட்பது முழு ஒலியின் எலும்புக்கூடு. அடுத்த எண்ணை ஏற்றியதும் அதன்மேல் எங்கே சதை ஏறுகிறது என்பது காதுக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் பிடிபடாத கருவி அந்த மூன்று வாரங்களில்தான் பிடிபட்டது.

எடுத்துக்காட்டாக, எல்லோருக்கும் தெரிந்த அந்த மின் பியானோவையே பார்க்கலாம். அது ஐந்தாம் அல்காரிதம்: மூன்று கேரியர்கள், ஒவ்வொன்றையும் அசைக்க ஒரு மாடுலேட்டர். இரண்டு இணைகள் 1:1 அதிர்வெண் விகிதத்தில் சற்றே சுருதி விலகி நின்று ஒலிக்கு உடம்பைத் தருகின்றன. மூன்றாவது இணையின் மாடுலேட்டர் கேரியரைப் போல 14 மடங்கு வேகத்தில் அசைகிறது; கட்டை விழும் கணத்தில் கேட்கும் ‘டிங்’ என்ற உலோகத் தெறிப்பு அதிலிருந்து வருவது. அந்த மாடுலேட்டரின் அளவைச் சுழியத்துக்கு இறக்கினால் தெறிப்பு மறைந்து மழுங்கிய ஒலி மட்டுமே மிஞ்சும். இப்படிக் கேட்டுப் பழகினால் எண்கள் பேசத் தொடங்குகின்றன. கேரியர் 1, மாடுலேட்டர் 2 என வைத்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் எழுந்து கிளாரினெட்டின் உள்ளீடற்ற தன்மை வருகிறது. விகிதம் முழு எண்ணாக இல்லாமல் 1.4க்கு அருகில் நின்றால் மணியோசை. மாடுலேட்டரின் அளவு கூடக்கூட ஒலி பிரகாசமாகிறது, ஓர் எல்லைக்கு மேல் கரகரக்கிறது.

இவையெல்லாவற்றையும்விட என்னை இந்தக் கருவியோடு கட்டிப்போட்டது தொடுவுணர்வு. அக்காலத்துச் சிந்தசைசர்கள் பலவற்றில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலிதான். டிஎக்ஸ்7 அந்த வேறுபாட்டை அறிகிறது. அதோடு, அந்த வேறுபாட்டைக் கேரியருக்கும் மாடுலேட்டருக்கும் தனித்தனியாகக் கொடுக்க முடிகிறது. கேரியருக்குக் கொடுத்தால் ஓங்கி அடிக்கும்போது சத்தம் கூடும். மாடுலேட்டருக்குக் கொடுத்தால் ஒலியின் தன்மையே மாறும். வீணைத் தந்தியை விரல் நுனியால் தொடுவதற்கும் நெட்டித் தெறிப்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் சத்த வேறுபாடு அல்லவே. பெரியவரின் நோட்டில் ‘வீணை 2’ என்றிருந்த ஒலியில், இரண்டு மாடுலேட்டர்களின் தொடுவுணர்வு உச்ச அளவான 7இல் இருந்தது. கேரியர்களுக்கு அது 2 மட்டும். ஆகவே மெதுவாக வாசித்தாலும் சுரம் தாழ்ந்து போகாமல், நிறம் மட்டும் தணிந்து நிற்கிறது. மேடையில் மற்றக் கருவிகளுக்கு நடுவே கேட்க வேண்டும் என்ற அவருடைய அனுபவம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

கட்டையை அழுத்திய பின் மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் ஆஃப்டர் டச் வசதியை அவ்வளவு பாராட்ட முடியவில்லை. அதற்கு விரல் வலிக்க அழுத்த வேண்டியிருக்கிறது. மூச்சுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கென ஓர் இணைப்பு முகப்பு இருக்கிறது. அதற்குரிய சிறு ஊதுகுழலை நான்கு ஆண்டுகள் தேடி வாங்கினேன். மூச்சின் அழுத்தத்தை மாடுலேட்டர்களின் அளவோடு இணைத்துவிட்டால், ஊத ஊதப் பிரகாசம் கூடும் காற்றிசை ஒலி கிடைக்கிறது. குழல் வாசிப்பவர்களுக்கு இது உடனே வசப்படும். எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

கமகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கீபோர்டில் நம் இசையை வாசிக்கும் எவரும் முதலில் கேட்பது அதைத்தான். சுருதியை வளைக்கும் சக்கரத்தின் எல்லையை ஓர் அரைச்சுரத்திலிருந்து 12 அரைச்சுரம் வரை அமைக்கலாம். நான் 2இல் வைத்திருக்கிறேன். தோடியின் காந்தாரக் கட்டையை அழுத்திச் சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் தள்ளினால், கீழே ரிஷபமும் மேலே மத்தியமமும் சரியாக எட்டுகின்றன. அந்த அசைவுக்கு இடது கையைப் பழக்குவதுதான் வேலை. ஆனால் சக்கரத்தின் சுருள்வில் விட்டவுடன் நடுவுக்குத் தாவுவதால், மெதுவாக இறங்கி அமர வேண்டிய இடங்களில் ஒரு வெட்டு கேட்கும்; விரலை எடுக்காமல் சக்கரத்தை நடுவரை கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தை நான் வருந்திப் பழக வேண்டியிருந்தது. பன்னிரண்டு சுரங்களையும் தனித்தனியே நுட்பமாகச் சுருதி சேர்க்கும் வசதி இந்த முதல் மாதிரியில் கிடையாது. பின்னால் வந்த டிஎக்ஸ்7 இரண்டாம் வரிசையில்தான் அது வந்தது. அந்தர காந்தாரம் சற்றுத் தூக்கலாகக் கேட்பதைச் சகித்துக்கொண்டுதான் வாசிக்கிறேன்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. என்னுடையது ஜப்பானிய 100 வோல்ட் மாதிரி என்பதால் மின்மாற்றி இல்லாமல் நம் 230 வோல்ட் இணைப்பில் ஒருபோதும் செருகக் கூடாது. மின்மாற்றியையும் கருவியையும் பிரிக்க முடியாதபடி நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். கடற்காற்று வீசும் ஊரில் கட்டைகளின் தொடுமுனைகள் மங்கி, மெதுவாகத் தொட்டாலும் சில சுரங்கள் அலறின; கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் சரியாயின. வெளியீடு ஒற்றை ஒலித்தடம்தான், நீண்டு தேயும் சுரங்களின் கடைசியில் மெல்லிய மணற்சலசலப்பு உண்டு. கணினியோடு இணைப்பவர்கள், இது மிடி (கருவிகளும் கணினியும் வாசிப்புத் தகவலைப் பரிமாறும் முறை) தகவலை முதல் அலைவரிசையில் மட்டுமே அனுப்பும் என்பதையும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அடியின் வேகத்தைக் குறிக்கும் உச்ச எண்ணான 127ஐ எட்டாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: எண்முறைக் கருவி என்பதால் சித்திரை வெயிலிலும் சுருதி நகர்வதே இல்லை. நண்பர் ஒருவரின் பழைய அனலாக் கருவி, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்கச் சொல்லும்.

இப்போது 32 ஒலிகளும் 4104 பைட் கோப்பாகக் கணினியில் மூன்று இடங்களில் இருக்கின்றன. மிடி வழியே அந்தக் கோப்பு கருவிக்குள் போய்ச் சேர ஒன்றரை வினாடிகூட ஆவதில்லை. மூன்று வாரம் நான் செய்த வேலை அது.

இன்று புதிதாகத் தொடங்குபவர் இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் இதே ஆறு ஆபரேட்டர்களை எல்லா எண்களும் ஒரே திரையில் தெரியும்படி தருகிறது, இதே கோப்புகளையும் படிக்கிறது. 2016இல் வந்த கோர்க் வோல்கா எஃப்எம் கைக்கடக்கமானது, ஆனால் மூன்று சுரங்களுக்கு மேல் சேர்ந்து ஒலிக்காது. ஒலியை மட்டும் விரும்புபவருக்கு மென்பொருளே போதும். கட்டைகளின் உறுதியான எதிர்ப்பும், அந்த எதிர்ப்புக்கு ஏற்ப அமைந்த தொடுவுணர்வும் வேண்டும் என்பவர் மட்டும் பழைய கருவியைத் தேடலாம். தேடும்போது 61 கட்டைகளையும் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள். பொத்தான்களில் எது இரண்டு முறை அழுத்தினால்தான் பதிகிறது என்று கவனியுங்கள்.

நான்கு ஆண்டுகளாக இதில் ஒரு நாகஸ்வர ஒலியை உருவாக்க முயன்றுவருகிறேன். 1:1 விகிதத்தில் ஓர் இணை உடம்புக்கு. கேரியர் 4, மாடுலேட்டர் 1 என்று இன்னோர் இணை, நான்காம் மேற்சுரத்தைச் சுற்றி ஆற்றலைக் குவித்து மூக்கொலியைத் தருவதற்கு. மத்திய ஸ்தாயியில் சட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை நம்பும்படியாகவே இருக்கிறது. அதற்கு மேல் போனால், உண்மைக் கருவியில் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் அந்த மூக்கொலி, இதில் சுருதியோடு சேர்ந்து மேலே ஏறிவிடுவதால், விளையாட்டுப் பீப்பியாகிவிடுகிறது. பெரியவருக்கு ஒருமுறை அலைபேசியில் வாசித்துக் காட்டினேன். “பஞ்சமம் வரைக்கும் நிறுத்திக்கோங்க, மேல ஆள் வெச்சு வாசிக்கலாம்” என்றார். கடைசி இடத்தில் இருபத்து மூன்றாம் வடிவம் சேமிக்கப்பட்டிருக்கிறது. நோட்டிலும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.