வீட்டில் ‘கேஸ்’ மிஷினா, பம்பும் ஸ்பேசருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்கு இழுப்பு (ஆஸ்துமா மூச்சுத்திணறல்) வந்தால் பெரியவர்கள் முதலில் சொல்வது ‘கேஸ் போடணும்’ என்பதுதான். கிளினிக்கில் முகமூடி வழியே புகை வருவதைப் பார்த்துப் பழகி, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் அந்த நெபுலைசர் மிஷின்தான் பலமான மருந்து என்ற எண்ணம் ஊறிவிட்டது. கையில் அழுத்தும் நீலப் பம்பிலும் (இன்ஹேலர்) மிஷினிலும் போவது மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சல்புட்டமோல்தான். உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்புக்கு, ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழல்) சரியாக அடித்த பம்ப் மிஷினுக்குச் சளைத்ததில்லை. பிள்ளைகளுக்கு நெஞ்சுப் படபடப்பும் குறைவு.

‘சரியாக’ என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பம்பை வெறும் வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூட வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, பிள்ளை ஐந்தாறு மூச்சு இழுக்கும்வரை அப்படியே பிடித்திருங்கள். மறுபடி குலுக்கி அடுத்தது. அவசரத்தில் நாலு அழுத்தத்தையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரில் படிந்து வீணாகும். புது பிளாஸ்டிக் ஸ்பேசரில் நிலைமின்சாரமும் மருந்தை இழுத்துக்கொள்ளும். பாத்திர சோப்பு ஒரு சொட்டு விட்ட நீரில் முக்கி, துடைக்காமல் காற்றில் உலர்த்தினால் அந்த நிலைமின்சாரம் போய்விடும். ஸ்பேசர் கைவசம் இல்லையா? 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு இறுக்கமாகச் செருகி, பாட்டில் வாய் வழியே மூச்சு இழுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்துத் தேறிய முறை இது.

மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். இடிமழை மாலையில் அது போய்விட்டால் பெட்டி சும்மா கிடக்கும். மருந்தை நார்மல் சலைனோடு (சுத்தமான உப்புநீர்) சேர்த்து 3 முதல் 4 மில்லி ஆக்கி, பத்து நிமிடம் பொறுமையாக உட்கார வைக்க வேண்டும். சலைன் தீர்ந்ததென்று பைப் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும். மருந்து ஊற்றும் குப்பியைக் கழுவாவிட்டால் அதில் கிருமி வளர்ந்து நேராக நுரையீரலுக்குப் போகும். ஸ்பேசரிலும் மூச்சு இழுக்க முடியாத முதியவருக்கு டாக்டரே எழுதித் தந்தால் மிஷின் வாங்குங்கள். மற்றவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம்.

மிஷினிடம் எனக்குள்ள பெரிய பயம் வேறு. ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று வீட்டிலேயே நேரம் போய்விடும். பம்பில் 4 முதல் 6 அழுத்தம் கொடுத்து 20 நிமிடத்தில் தணியவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். செம்மண் பாதையில் கார் குலுங்கினாலும் மடியில் வைத்தே பம்ப் கொடுக்கலாம், மிஷினால் முடியாது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 20 நிமிடமும் பார்க்க வேண்டாம், உடனே அவசர உதவிக்கு 999 அழையுங்கள்.

பம்பில் 200 அழுத்தம் இருக்கும். எண் காட்டாத பம்பென்றால் திறந்த தேதியை அதன்மேல் மார்க்கரால் எழுதுங்கள். வருஷத்தில் மூன்று நீலப் பம்ப் தீர்ந்தால் இழுப்பு கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அப்போது மிஷின் விலை விசாரிக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு பம்ப் பற்றிக் கேளுங்கள்.