ஆக்னஸ் மார்ட்டினின் கட்டங்களும் ஜரீனாவின் வீடும்

மிகக் குறைந்த வடிவங்களால் பேசும் எளிமைவாத (மினிமலிச) அச்சோவியத் தொகுப்புகளில் அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினின் ‘ஆன் எ கிளியர் டே’யும் (1973), அலிகாரில் பிறந்த ஜரீனா ஹஷ்மியின் ‘ஹோம் இஸ் எ ஃபாரின் பிளேஸ்’ஸும் (1999) அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை. முதலாவதில் 30 திரை அச்சுகள் (வலைத்துணி வழியே மையைத் தள்ளி எடுப்பவை); தொகுப்பு வெளியானது 50 பிரதிகளில். இரண்டாவதில் 36 மரச்செதுக்கு அச்சுகள், 25 பிரதிகள்.

மார்ட்டின் 1967இல் ஓவியம் தீட்டுவதை நிறுத்தி நியூயார்க்கை விட்டு வெளியேறியவர். சில ஆண்டு மௌனத்திற்குப் பின் வந்த இத்தொகுப்பில், அவருடைய கித்தான்களில் பென்சில் கோடுகளுக்கு இருந்த மெல்லிய நடுக்கத்தைத் திரை அச்சு முற்றிலும் நீக்கிவிட்டது. சாம்பல் நிறக் கோடுகளாலான கட்டங்களும் இணைகோடுகளும் தாளுக்குத் தாள் இடைவெளியில் மாறுகின்றன. ஆகவே ஓர் அச்சைத் தனியே பிரித்து மாட்டினால் பாதிப் பொருள் போய்விடும்.

ஜரீனாவின் கோடுகளோ கருமையும் அழுத்தமும் கொண்டவை. கணிதம் பயின்ற அவர், வீடு, வாசற்படி, எல்லை என்று ஒவ்வொரு படத்திற்கும் ஓர் உருதுச் சொல்லை எழுத்தணிக் கலைஞர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து, படத்தின் கீழே அச்சிட்டார். மெல்லிய தாளில் அச்சிட்டுத் தடித்த தாளின் மேல் ஒட்டியிருப்பதால், மரத்தின் ரேகையும் மையின் அடர்த்தியும் அருகில் நின்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. இங்கு ஒரே தாள்கூடத் தன்னளவில் நிற்கும்.

தூய வடிவ ஒழுங்கை நாடுபவருக்கு மார்ட்டினே பொருத்தம். என் தேர்வு ஜரீனா: வாழ்ந்த வீட்டின் தரைப்படத்தைச் சில கோடுகளில் அடக்கியவர் அவர்.