டைமர் நழுவாமல் இருக்க: செட்இன்டர்வலா, தன்னைத் திருத்திக்கொள்ளும் செட்டைம்அவுட்டா?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப அழைக்கும் செட்இன்டர்வலில் 1000 (மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடி) கொடுத்தால் நொடி பிசகாமல் ஃபங்ஷன் ஓடும் என்று நம்பித்தான் எழுதுகிறோம். ஆனால் கோடை ஒவ்வொன்றாக ஓட்டும் மெயின் த்ரெட் வேறு வேலையில் மாட்டியிருந்தால் அழைப்பு வரிசையில் நிற்கும். உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் இந்தச் சிறு தாமதங்கள் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். ஆனாலும் கர்சரைச் சிமிட்ட வைக்க செட்இன்டர்வல் போதும். ஒரே வரி, நிறுத்துவதும் சுலபம்.

கவுண்ட்டவுன் என்றால், சொன்ன நேரம் கழித்து ஒரே ஒருமுறை அழைக்கும் செட்டைம்அவுட்டைத்தான் நான் எடுப்பேன்; ஒவ்வொரு அழைப்பிலும் அடுத்ததை நாமே அமைக்க வேண்டும். தொடக்கத்தில், கடிகார மாற்றம் பாதிக்காமல் கடந்த நேரத்தை மில்லிசெகண்டில் தரும் பெர்ஃபார்மன்ஸ்.நவ் மதிப்பைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த இலக்கு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, அந்த அளவு மட்டும் காத்திருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது அழைப்பு 3000-க்குப் பதில் 3007-வது மில்லிசெகண்டில் வந்தால், அடுத்த காத்திருப்பு 993. அந்த 7 அங்கேயே கரைந்துவிடும். கணினிக் கடிகார நேரத்தைத் தரும் டேட்.நவ் வேண்டாம், அந்தக் கடிகாரத்தை யாராவது மாற்றினால் கணக்கு குதித்துவிடும்.

டேப் மறைந்தால் இரண்டுமே தடுமாறும். உலாவிகள் டைமரை நொடிக்கு ஒருமுறையாகக் குறைக்கும்; குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறையாகவும் குறையலாம். எனவே திரையில் காட்டும் எண்ணை, அழைப்புகளை எண்ணிப் பெறாமல், கடந்த நேரத்திலிருந்தே எடுங்கள்.