ஃபிளாஷ் டிரைவரில் பஃபர்: நேரே கொடுப்பதா, நகலெடுப்பதா?

நாண்ட் ஃபிளாஷ் என்ற சேமிப்புச் சிப்புக்கு டிரைவர் எழுத உட்காரும் யாரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது. மேலடுக்கு (கோப்பு முறைமை போன்றது) கொடுக்கும் பஃபரை, அதாவது தரவு வைக்கும் நினைவக இடத்தை, அப்படியே டிஎம்ஏ-வுக்கு (ப்ராசஸர் தலையிடாமலே நினைவகத்துக்கும் சாதனத்துக்கும் இடையே தரவை நகர்த்தும் வன்பொருள்) கொடுத்துவிடலாமா, இல்லை டிரைவர் தன் சொந்தப் பஃபரில் வாங்கி, பிறகு நகலெடுத்துத் தரவேண்டுமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரண நாண்ட் சிப்புக்கு நகலெடுப்பதே நல்லது. வேகம் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்க்காததால் வருவது.

போட்டுப் பார்ப்போம். பேஜுக்கு (சிப்பைப் படிக்கும் அலகு) 2048 பைட் தரவும் 64 பைட் ஓஓபி பகுதியும் (பிழைதிருத்தக் குறி போன்றவற்றுக்கான உபரி இடம்) உள்ள எஸ்எல்சி (செல்லுக்கு ஒரு பிட்) சிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செல்களிலிருந்து சிப்பின் உள் ரெஜிஸ்டருக்கு ஒரு பேஜ் வரவே சுமார் 25 மைக்ரோவினாடி. அங்கிருந்து 8 பிட் பஸ்ஸில், பைட்டுக்கு 25 நானோவினாடி வீதம், 2112 பைட்டும் வெளியே வர இன்னொரு 53. ஆக மொத்தம் 78 மைக்ரோவினாடி. நொடிக்கு 1 ஜிபி நகலெடுக்கும் ப்ராசஸருக்கு இந்த 2 கேபி வெறும் 2 மைக்ரோவினாடி வேலை. அந்த இரண்டை மிச்சம் பிடிக்கப் போய் எவ்வளவு வம்பை விலைக்கு வாங்குகிறோம் என்று பாருங்கள்.

லினக்ஸில் ஃபிளாஷை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கும் அதன் மேல் ஓடும் யூபிஐஎஃப்எஸ் கோப்பு முறைமையும் எரேஸ் பிளாக் (ஒரே தடவையில் அழிக்கும் பகுதி) அளவுள்ள பஃபர்களை விமல்லாக் என்ற நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனில் எடுக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. 128 கேபி பிளாக்குக்கு 4 கேபி நினைவகப் பக்கங்கள் 32 அடுத்தடுத்துக் கிடைக்கவேண்டும். பல நாள் ஓடித் துண்டு துண்டாகிவிட்ட நினைவகத்தில் அது கிடைப்பது சந்தேகம். விமல்லாக் சிதறிய பக்கங்களைக் கோத்து ஒரே வரிசை போலக் காட்டும். ப்ராசஸருக்கு அது ஒரே வரிசை; டிஎம்ஏ-வுக்கோ 32 துண்டுகள். இந்த முகவரியை ஒற்றைத் துண்டாக மேப் செய்தால் கணக்கிடப்படும் இயற்பியல் முகவரியே தப்பு. இப்போதைய கெர்னல் எச்சரித்து மறுத்துவிடும். பழையவற்றில் யாருடைய நினைவகத்திலோ போய் எழுதும்.

பக்கம் பக்கமாகப் பிரித்துத் துண்டுப் பட்டியலாகக் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம்தான். லினக்ஸின் எஸ்பிஐ (சிப்களை இணைக்கும் தொடர் பஸ்) அடுக்கு அதைத்தான் செய்கிறது. ஆனால் மெய்நிகர் முகவரியை வைத்தே கேஷை (ரேமின் நகலை வைத்திருக்கும் வேக நினைவகம்) நிர்வகிக்கும் பழைய ஆர்ம் ப்ராசஸர்களில் ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரிகள் வந்துவிடுகின்றன. ஒன்றின் கேஷைத் துடைத்தால் மற்றது அழுக்காகவே, அதாவது ரேமுக்கு எழுதப்படாத தரவோடு, நிற்கும்.

ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) சின்னதாக ஒரு பஃபர் வைத்து சிப்பின் ஐடி படிக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் வந்த 4.9 கெர்னலிலிருந்து எக்ஸ்86-இல் ஸ்டாக்கே விமல்லாக் பகுதிக்குப் போகலாம். விட்டுவிடுங்கள்.

கோஹிரன்ட் நினைவகம், அதாவது ப்ராசஸரும் டிஎம்ஏ-வும் எப்போதும் ஒரே தரவைப் பார்க்கும் நினைவகம், பார்க்க அழகாக இருக்கும். கேஷைத் துடைக்கும் வேலையே இல்லை. ஆனால் வன்பொருளே கேஷை ஒத்திசைக்காத ஆர்ம் அமைப்புகளில் அது பொதுவாகக் கேஷ் இல்லாத நினைவகம். மென்பொருளில் பிசிஎச் என்ற முறையில் பிழைதிருத்தம் செய்தாலோ, அழித்த பேஜில் புரண்ட பிட்கள் எத்தனை என்று எண்ணினாலோ, ஒவ்வொரு வாசிப்பும் ரேமுக்கே போய்த் திரும்பும். டிஎம்ஏ விவரணப் பட்டியலுக்கு (எதை எங்கே நகர்த்துவது என்று வன்பொருளுக்குச் சொல்வது) அதைப் பயன்படுத்துங்கள், தரவுக்கு வேண்டாம்.

மிஞ்சுவது கேமல்லாக்கில் (அடுத்தடுத்த நினைவகத்தைத் தரும் ஃபங்ஷன்) புரோப் நேரத்திலேயே, அதாவது டிரைவர் சாதனத்தோடு இணையும்போதே, எடுத்து வைக்கும் பவுன்ஸ் பஃபர்: நகலெடுப்பதற்கான டிரைவரின் சொந்தப் பஃபர். இதன் பெரிய வரம் எழுதும் பாதையில் தெரியும். நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது கெர்னல் அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் சேமிக்கப்படாதவை) ஃபிளாஷுக்கு எழுதி இடம் பிடிக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் டிரைவர் ஜிஎஃப்பி கெர்னல் கொடியோடு (இடம் பிடிக்க ஃபிளாஷுக்கு எழுதிக் காத்திருக்கவும் அனுமதிப்பது) புதிதாக நினைவகம் கேட்டால், தன் வேலை முடிவதற்காகத் தானே காத்துக் கிடக்கும். அப்படி எழுதத் தொடங்காதே என்னும் நோ-ஐஓ கொடி அந்த முட்டுக்கட்டையைத் தவிர்க்கும், ஆனால் கேட்டது கிடைக்காமல் போகலாம். முன்பே எடுத்து வைத்ததற்கு இந்தக் கவலை கிடையாது. பஃபர் ஒன்றுதானே இருக்கிறது, வரிசை நிற்காதா என்று கேட்பார்கள். பெரும்பாலான நாண்ட் கன்ட்ரோலர்கள் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கின்றன; அந்தப் பூட்டு எப்படியும் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்ணாக இருங்கள். பஃபரை டிரைவரின் ஸ்ட்ரக்சருக்குள்ளேயே உறுப்பாக வைத்த ஒரு டிரைவரோடு நான் மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். கன்ட்ரோலரின் ஈசிசி (பிழைதிருத்தப் பகுதி) பிழையே இல்லை என்றது. யூபிஐஎஃப்எஸ்ஸின் சிஆர்சி (தரவைச் சரிபார்க்கும் எண்) மட்டும் எப்போதாவது தோற்றது. சிப்பைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். படிக்கும் முன் பஃபர் முழுக்க 165 என்ற எண்ணை நிரப்பிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது: கெட்டுப்போன பேஜ்களில் முதல் 44 பைட் 165 ஆகவே நின்றது. பஃபர் 64 பைட் கேஷ் வரியின் (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் அலகு) 20-ஆவது பைட்டில் தொடங்கியிருந்தது. அதே வரியின் முன்பகுதியில் ஒரு எண்ணி. டிஎம்ஏ நடக்கும்போது இன்டரப்ட் அதைக் கூட்ட, பழைய வரி கேஷுக்குள் வந்து, பிறகு புதுத் தரவின் மேலேயே எழுதப்பட்டது. தனியாகக் கேமல்லாக் செய்ததும் பிழை போயிற்று.

லினக்ஸின் நாண்ட் கருவில், அதாவது நாண்ட் டிரைவர்களுக்குப் பொதுவான பகுதியில், நடுவழி ஒன்றும் உண்டு. டிஎம்ஏ பயன்படுத்துவதாக டிரைவர் கொடி வைத்தால், வந்த முகவரி நேர்மேப்பில் (விமல்லாக் போலன்றி இயற்பியல் நினைவகத்தோடு நேராகப் பொருந்தும் பகுதி) உள்ளதா, தேவையான அளவுக்குச் சீரமைந்திருக்கிறதா என்று கருவே பார்த்து, இல்லையென்றால் மட்டும் தன் பஃபருக்கு மாற்றிக்கொள்ளும். புதிதாக எழுதுபவர் இதிலிருந்து தொடங்கலாம்.

என்விஎம்இ, யூஎஃப்எஸ் போன்ற வேகமான சேமிப்புச் சாதனங்களின் பக்கம் போனால் கதை தலைகீழ். பிளாக் அடுக்கு தருவது விமல்லாக் முகவரி அல்ல, பக்கங்களின் பட்டியல். சீரமைப்பையும் துண்டு எண்ணிக்கையையும் டிரைவர் முன்பே அறிவித்துவிடுகிறது. நொடிக்குப் பல ஜிபி ஓடும் இடத்தில் நகலெடுப்பது உண்மையிலேயே சுமை. ஆனாலும் 2017-இல் எம்எம்சி (மெமரி கார்டுகளுக்கான) அடுக்கிலிருந்து நீக்கிய பவுன்ஸ் பஃபர், 2018-இல் எஸ்டிஎச்சிஐ (எஸ்டி கார்டு கன்ட்ரோலர்) டிரைவருக்குள் திரும்பி வந்தது. ஒரு நேரத்தில் ஒரே துண்டை மட்டும் ஏற்கும் கன்ட்ரோலர்களில், சிறுசிறு கோரிக்கைகளாக அனுப்புவதைவிட 64 கேபி வரை சேர்த்து ஒரே மூச்சில் அனுப்புவது வேகமாக இருந்ததே காரணம்.