கப்பலில் பால்கனி அறை எடுக்கலாமா: 8 பயணங்களுக்குப் பிறகு என் கணக்கு

2012 முதல் இதுவரை 8 குரூஸ் போய்வந்திருக்கிறேன். மூன்று முறை ஜன்னலே இல்லாத உள்ளறை, ஒரு முறை திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறை, நான்கு முறை பால்கனி. பால்கனிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே உட்காருவீர்கள்?

முதல் பால்கனிப் பயணம் 7 இரவு, 5 துறைமுகம். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவோம். குளித்து, சாப்பிட்டு, மேடை நிகழ்ச்சி பார்த்துவிட்டு அறைக்கு வரும்போது மணி பத்தரை. வெளியே போய் நின்றால் இருட்டு, அலைச்சத்தம், உப்புக் காற்று. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் கண் சொக்கிவிடும். கடைசி நாள் பெட்டி கட்டும்போது நானும் மனைவியும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏழு நாளும் சேர்த்து ஆறு மணி நேரம்கூட வரவில்லை. அப்போதிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சின்ன நோட்டில் இதைக் குறித்துவைக்கிறேன். அடுத்த அறையை முடிவு செய்ய அந்த நோட்டு அளவுக்கு வேறெதுவும் எனக்கு உதவியதில்லை.

நோட்டிலேயே அதிக மணி நேரம் பதிவானது அலாஸ்காப் பயணத்தில். அந்த முறை அம்மாவும் வந்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி. படி ஏறுவது கஷ்டம், கூட்டத்தில் நிற்பது அதைவிடக் கஷ்டம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய குரூஸ் கப்பல்களை மட்டும்தான் விடுவார்கள். பூங்கா ரேஞ்சர்களே கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். அதைக் கேட்க நான் மட்டும் மேல்தளத்துக்குப் போனேன். கைப்பிடிக் கம்பியோரம் நாலு வரிசை ஆட்கள். எட்டிப் பார்த்தால் தொப்பியும் கேமராவும்தான் தெரிந்தன. திரும்பிக் கீழே வந்தேன்.

அம்மா இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு, எதிர் நாற்காலியில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். நேர் எதிரே மார்ஜரி பனியாற்றின் நீலச் சுவர், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் அகலம். "சத்தம் போடாதடா, இப்ப விழப்போகுது பாரு" என்று கையைக் காட்டினார். ஒரு பெரிய துண்டு துளிச் சத்தம் இல்லாமல் சரிந்தது. தண்ணீர் மேலே எழும்பி அடங்கத் தொடங்கிய பிறகுதான் இடி மாதிரி முழக்கம் எங்களிடம் வந்து சேர்ந்தது. "மின்னல் மாதிரியே இருக்கு. முதல்ல பாக்குறோம், அப்புறந்தான் கேக்குறோம்" என்றார். கப்பல் அங்கே நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிக் காட்டியது. அதனால் வலம், இடம் என்று யாருக்கும் குறை இல்லை. அன்று மட்டும் நோட்டில் 7 மணி நேரம். மூட்டு வலி உள்ளவர், கூட்டத்தில் களைத்துப்போகிறவர், மதியம் தூங்கும் குழந்தையை விட்டு நகர முடியாதவர் கூட வந்தால் நான் இரண்டாவது யோசனையே செய்ய மாட்டேன், பால்கனிதான்.

நார்வேயும் அப்படித்தான். கெய்ராங்கர் ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீண்டு புகுந்த குறுகிய கடல், சுமார் 15 கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் செங்குத்து மலை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். விடியற்காலையில் கப்பல் உள்ளே நுழையும்போது அருவிச் சத்தம் படுக்கை வரை கேட்டது. ஒரு பக்கம் ஏழு சகோதரிகள் என்ற அருவி, எதிர்க்கரையில் அவர்களைப் பெண் கேட்டு வந்தவன் என்று பெயர் வைத்த இன்னொரு அருவி. உள்ளே போன வழியிலேயே கப்பல் வெளியே வரும், ஆகவே ஒரு பக்கம் விட்டதை வரும்போது பார்த்துவிடலாம். ஆனால் கரையோரமாக ஒரே திசையில் போகும் பயணம் என்றால் கரை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து அறை எடுங்கள். வான்கூவரில் ஏறி வடக்கே சென்று அலாஸ்காவில் இறங்கும் பயணத்துக்கு வலப்பக்கம் நல்லது.

நடுக்கடல் நாட்கள்தான் பலரை ஏமாற்றும். படத்தில் பார்ப்பது போல நாள் முழுக்கப் பால்கனியில் புத்தகம் படிக்கலாம் என்று நினைப்போம். கப்பல் 20 நாட் (கடல் மைல் கணக்கிலான வேக அளவு) வேகத்தில் போனால் அதுவே மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் அந்த வேகம் முகத்தில் அடிக்கும், எதிர்க்காற்று சேர்ந்தால் பக்கம் புரட்ட முடியாது. முன்பக்க அறைகளில் இது ரொம்ப அதிகம். பின்பக்க அறைகளில் காற்று குறைவு, கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளைத் தடம் கண்ணுக்கு நேரே நீளும், எனக்கு அதுதான் மிகப் பிடித்த காட்சி. அங்கே இன்ஜின் அதிர்வு தெரியும், சில நாட்களில் நாற்காலியில் புகைக்கரி படிந்திருக்கும். குமட்டல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியும் கீழ்த்தளமும் சரி, ஆட்டம் அங்கேதான் குறைவு. மனைவிக்குத் தலைசுற்றல் வந்தால் வெளியே உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்வேன், அரை மணியில் தெளிந்துவிடுவார்.

ஒரு பயணத்தில் எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று, அறை எண்ணைக் கப்பல் கம்பெனியே பிறகு ஒதுக்கும் வகையில் பால்கனி எடுத்தோம். கதவைத் திறந்தால் எதிரே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகின் முதுகு. நின்று பார்த்தால் வானமும் ஒரு கீற்றுக் கடலும், உட்கார்ந்தால் அதுவும் இல்லை. கேட்டதற்கு, அறையின் வகைக்குத்தான் உத்தரவாதம், இடத்துக்கு இல்லை என்றார்கள். எழுத்துப்படி அது சரி. ஆனாலும் மனைவி ஆசையோடு திரையை விலக்கிவிட்டு அப்படியே நின்றது எனக்கு இன்றும் வலிக்கிறது. இப்போதெல்லாம் தள வரைபடத்தைத் திறந்து, படகுகள் எந்தத் தளத்துக்கு வெளியே தொங்குகின்றன என்று பார்த்து, அறை எண்ணைச் சொல்லித்தான் பதிவு செய்கிறேன். மேலே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடிவதற்குள் நாற்காலி இழுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும்.

பால்கனி என்று எழுதியிருந்தாலே கடலைப் பார்த்திருக்கும் என்றும் இல்லை. 2009-இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில் கப்பலின் நடுவில் உள்ள தோட்டத்தைப் பார்த்த பால்கனிகள் உண்டு. 2018-இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜில், சுவரளவு கண்ணாடியின் மேல்பாதியைப் பொத்தானை அழுத்திக் கீழே இறக்கினால் அறையே பால்கனி ஆகிவிடும். எது வேண்டும் என்று தெரிந்து எடுத்தால் போதும்.

உள்ளறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, அப்படி ஒரு தூக்கம் வீட்டிலும் வராது. விடிந்ததா இல்லையா என்று தெரியாது என்பதுதான் ஒரே சிக்கல். கப்பலின் முன்பக்கக் கேமரா வரும் சேனலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது அறையும் வெளுக்கும். தினமும் ஒரு துறைமுகம் என்று ஓடும் பயணத்துக்கு இன்றும் உள்ளறைதான் எடுக்கிறேன். மிச்சப்படும் பணத்தில் இறங்கிச் சுற்ற இன்னும் ஓர் இடம் கிடைக்கும். ஜன்னல் அறையில் வெளிச்சம் கிடைத்தது, காற்று கிடைக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காற்றின் அருமை 2020 பிப்ரவரியில் தெரிந்தது. கொரோனா தொற்றால் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் 3,711 பேரோடு நிறுத்தப்பட்டபோது, உள்ளறைக்காரர்கள் வெளிக்காற்றுக்கு முறைவைத்து மேல்தளம் போகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் அம்மா, "நமக்குக் கதவு இருக்கிற ரூம்தான்டா" என்றார்.

பால்கனி எடுத்தால் சில பழக்கங்கள் வேண்டும். கதவைத் திறந்து போட்டால் பல கப்பல்களில் ஏசி தானாக நின்றுவிடும். பால்கனிக் கதவும் அறைக்கதவும் ஒன்றாகத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், கனமான கதவு விரலை நசுக்கிவிடும். ஈரத்துணியைக் கம்பியில் போடாதீர்கள், பறந்துவிடும். நாற்காலியைக் கம்பியோரம் விட்டுவிட்டுக் குழந்தைகளைத் தனியே விடவே கூடாது. சிகரெட் வேண்டாம்: 2006-இல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனியில் பிடித்த தீக்கு அணைக்காத சிகரெட்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. ஓர் உயிர் போனது. அதன் பிறகு பால்கனிகளின் தீப்பாதுகாப்பு விதிகளையே இறுக்கினார்கள்.

அடுத்த பயணம் மறுபடியும் பனியாறுகள் பக்கம். இந்த முறை தங்கை குடும்பமும் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு பால்கனி அறைகள், நடுத்தளம், படகுகளுக்கு மேலே. இரண்டு பால்கனிக்கும் நடுவில் உள்ள தடுப்பைக் கேட்டால் திறந்துவிடுவார்கள், எல்லா அறைக்கும் முடியாது. எங்கள் அறைகளுக்கு முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அம்மா ஏற்கெனவே போர்வையை எடுத்துவைத்துவிட்டார்.