சவுக்குக் குளோன் கன்று: இரண்டு வெட்டுக்குப் பிறகு என் அனுபவம்

"ஊரில் நிலம் சும்மா கிடக்கிறது, சவுக்கு போடலாமாண்ணே?" சிங்கப்பூர்த் தேக்கா கோப்பிக் கடையில் கடலூர்ப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. தாராளமாகப் போடலாம். எந்தக் கன்றைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். இரண்டு வெட்டு முடிந்துவிட்டது.

முதல் நடவில் பாதி நிலத்துக்குச் சாதாரண விதைக் கன்று, மீதிப் பாதிக்குக் குளோன். கோயம்புத்தூர் வன மரபியல், மர இனப்பெருக்க நிறுவனம் வெளியிட்ட வகை. கடலோரச் சவுக்கையும் இந்தோனேசியாவின் ஜாவா, தீமோர்ப் பக்கம் வளரும் இன்னொரு சவுக்கு இனத்தையும் ஒட்டுச்சேர்த்து, பிறந்தவற்றில் நேராக, வேகமாக வளர்ந்ததைப் பொறுக்கி, பல ஊர் மண்ணில் நட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். கன்று விதையில் முளைத்ததல்ல, இளங்கொப்பை நறுக்கி வேர்விட வைத்தது. அதனால் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும்.

வித்தியாசம் வெட்டும்போது தெரிந்தது. விதைக் கன்றுப் பக்கம் ஒன்று தொடைப் பருமன், பக்கத்திலேயே ஒன்று மணிக்கட்டுப் பருமன், பாதி மரம் கோணல். வியாபாரி நல்ல கழியை ஒதுக்கிவிட்டு மற்றதை விறகு விலைக்குத்தான் கேட்டார். குளோன் பக்கம் வரிசை முழுக்க ஒரே பருமன், அடியிலிருந்து நுனிவரை நேர். காகித ஆலைக்கு ஏற்றிய எடையும் கூடுதல். கன்று விலை பல மடங்கு என்றாலும் முதல் வெட்டிலேயே அது திரும்பிவிட்டது.

இரண்டாம் நடவில் விதைக் கன்றை விட்டுவிட்டு, நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பட்டைக்கு ஒரு குளோன் என்று வைக்கச் சொன்னேன். ஒரே குளோன் என்றால் வேலை சுலபம் என்று சித்தப்பா முதலில் தயங்கினார். பிறகு ஒரு பட்டையில் மட்டும் நோய் இறங்கியது. மரத்தோல் கொப்புளிக்கும், கீறினால் விரலில் கருந்தூள் ஒட்டும், கொஞ்ச நாளில் மரம் காய்ந்துவிடும். பக்கத்துப் பட்டைகள் தப்பின. நிலம் முழுக்க அந்த ஒரே குளோனாக இருந்திருந்தால் அந்த வெட்டே போயிருக்கும்.

இதற்குப் பெரிய சாட்சி நம் சிங்கப்பூரிலேயே உண்டு. 1877இல் இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. முந்திய ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் சேகரித்த விதையிலிருந்து முளைத்தவை அவை. இந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி அந்தச் சேகரிப்பின் வாரிசுகள்தான். உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் என்ன ஆகும் என்ற பயம் ஆராய்ச்சியாளர்களுக்கு எப்போதும் உண்டு. புது இரத்தம் தேடி 1981இல் திரும்பவும் அமேசான் காட்டுக்கே போய் விதை சேகரித்தார்கள். நல்ல மரத்தைப் பொறுக்குவது பாதி வேலை. பொறுக்குவதற்குப் பலவகை மரம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

குளோன் கன்றுக்குத் தயங்காமல் பணம் போடுங்கள். ஆனால் குளோன் எண் சொல்லாத நாற்றங்காலில் வாங்காதீர்கள். நாங்கள் வாங்கிய ஓரிடத்தில் எல்லாக் கன்றையும் ஒரே தட்டில் கலந்து கொடுத்ததால், எந்தப் பட்டையில் எது நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கவே சிரமப்பட்டோம். குறைந்தது மூன்று நான்கு வகையாவது வாங்கி, வகைவாரியாக நட்டு, வரப்பில் எண் எழுதி வையுங்கள். கையில் காசு குறைவு, விதைக் கன்றுதான் முடியும் என்றால், தேர்ந்த மரங்களை வைத்து வளர்த்த விதைத்தோட்டத்து விதையா என்று கேட்டு வாங்குங்கள். ரோட்டோர மரத்தில் பொறுக்கிய விதை வேண்டாம்.