சுங்கை சிப்புட் டேக்ஸ் ஏஜெண்டு அலுவலகம்: வரித் தகராறு இருந்தால் நம்பிப் போகலாம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது இந்த அலுவலகம். நடத்துபவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, 'டேக்ஸ் அக்கா' என்று கேட்டால் கீழே ஒட்டுக்கடையில் இருப்பவர்களே காட்டிவிடுவார்கள், அதனால் பெயரைப் பொதுவில் போடவில்லை. ஏப்ரல், ஜூன் மாதங்களில் பாரம் நிரப்பத்தான் அங்கே கூட்டம். அதை எந்த ஏஜெண்டும் செய்வார். வரி அலுவலகத்தின் கணிப்பை, அதாவது நாம் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று அவர்கள் போடும் கணக்கை, எதிர்த்து நிற்க வேண்டி வந்தால் இவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தொண்ணூறுகளில் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த பணத்தோடு சேமிப்பையும் போட்டு ஒரு துண்டு நிலம் வாங்கி, செம்பனை நட்டு, வயதானதும் அதை இரண்டு லாட்டாகப் பிரித்து இரண்டு பேருக்கு விற்றார். பிறகு அந்த லாபம் வியாபார வருமானம் என்று கணிப்பு நோட்டீஸ் வந்தது. குடிமக்களான தனிநபர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் நிலத்துக்கு 2022 முதல் சொத்து ஆதாய வரி (விற்ற லாபத்துக்கான வரி) பூஜ்யம். அதே பணத்தை வியாபார வருமானம் என்று சொல்லிவிட்டால் சாதாரண வருமான வரி, உச்சப் படியில் 30 சதவீதம் வரைக்கும் போகும். எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதில்தான் ஒரு மனிதரின் கடைசிக்காலச் சேமிப்பே இருக்கிறது.

முதலில் போன வேறோர் ஏஜெண்டு, "விளக்கமா ஒரு கடிதம் எழுதிப் போட்டா போதும்" என்று அனுப்பிவிட்டார். அக்கா நோட்டீஸைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, இது உங்க கைக்கு எப்ப வந்தது?" 1967 வருமான வரிச் சட்டம் 99வது பிரிவின்படி நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் கியூ (Q) பாரத்தில் மேல்முறையீடு போட வேண்டும், வெறும் கடிதம் மேல்முறையீடு ஆகாது, நாள் தவறினால் 'N' பாரம் போட்டு அவகாசம் கேட்டு, தாமதத்துக்குக் காரணமும் காட்ட வேண்டும். நல்லவேளை, எங்களுக்கு நாள் இருந்தது.

அப்புறம் அவர் உட்கார்ந்து கேள்வி கேட்ட விதம் இருக்கிறதே, அதற்காகவே காசு கொடுக்கலாம். நிலம் யார் பணத்தில் வாங்கியது, கடன் உண்டா, செம்பனை விற்ற ரசீது இருக்கிறதா, இதற்கு முன் நிலம் வாங்கி விற்றிருக்கிறீர்களா, லாட் ஏன் பிரித்தீர்கள், ஆள் தேடி விளம்பரம் செய்தீர்களா, ஏன் விற்றீர்கள். நீதிமன்றங்கள் வியாபாரமா இல்லையா என்று பார்க்கும் அடையாளங்களே இவைதான் என்று சொல்லி, தீர்ப்புகளைத் தமிழில் விளக்கினார். 1929இல் ஸ்காட்லாந்தில் தீர்ப்பான ரட்லெஜ் வழக்கு: ஒருவர் பத்து லட்சம் டாய்லெட் பேப்பர் சுருள்களை வாங்கி ஒரே கையில் விற்றார், ஒரே ஒரு தடவைதான் செய்தார், ஆனாலும் அது வியாபாரம் என்றார்கள், ஏனென்றால் அத்தனையை யாரும் சொந்த உபயோகத்துக்கு வாங்கமாட்டார்கள். இன்னொன்று 1986இல் இங்கிலாந்தில் தீர்ப்பான மார்சன் வழக்கு: உருளைக்கிழங்கு வியாபாரிகள் நிலம் வாங்கி சில மாதத்திலேயே விற்றும், அது முதலீடுதான், வியாபாரம் இல்லை என்று தீர்ப்பானது. ஒரு தடவைதானே விற்றேன் என்பதோ எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பதோ தனியாக நம்மைக் காப்பாற்றாது, மொத்தத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்று அன்றுதான் புரிந்தது. லாட் பிரித்தது நமக்குப் பாதகம் என்பதையும் அக்கா மறைக்கவில்லை.

சித்தப்பா நண்பர் ஒருவர் சொல்லி 'விராமுடா தீர்ப்பு' என்ற பேரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அரசாங்கம் கட்டாயமாக எடுத்துக்கொண்ட நிலத்தின் இழப்பீட்டை வியாபார வருமானமாகக் கணக்கிட வைத்த வருமான வரிச் சட்டத்தின் 4சி பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 13(2) விதிக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. பெரிய தீர்ப்புதான், ஆனால் "நீங்க விரும்பித்தான வித்தீங்க, அது உங்களுக்குப் பொருந்தாது" என்று உடனே சொல்லிவிட்டார். பெரிய தீர்ப்பின் பேரைக் காட்டி நம்பிக்கை ஊட்டிக் கூடுதலாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் ஆரம்பத்திலேயே சொன்னார். மேல்முறையீடு போட்டாலும் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும் (103வது பிரிவு), தவணை கேட்கலாம். அடுத்து, கணிப்பு தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. வரி மேல்முறையீடுகளை விசாரிக்கும் வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் முன் போனால் சாட்சியும் பத்திரமும் அங்கேயே முழுதாக வந்தாக வேண்டும், உயர் நீதிமன்றத்துக்குப் போவது சட்டக் கேள்விக்கு மட்டும்தான், விட்டுப்போன ரசீதை அங்கே கொண்டுபோய் நீட்ட முடியாது.

எங்கள் விஷயம் ஆணையர்கள் வரைக்கும் போகவில்லை. கியூ பாரம் போட்ட பிறகு வரித் தரப்பு மறுபரிசீலனை செய்ய 12 மாதம் இருக்கிறது, அந்தக் கட்டத்திலேயே செம்பனை ரசீதுகளும் சித்தப்பாவின் மருத்துவப் பத்திரங்களும் வேலை செய்தன, வியாபார வருமானம் என்ற கணிப்பு நீங்கியது. அதே அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவருக்கு, வீட்டு லாட் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு, "இதுல ஜெயிக்க முடியாதுங்க, அபராதத்தைக் குறைக்கவும் தவணைக்கும் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பியதையும் கேட்டேன். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

குறைகளும் உண்டு. கட்டணப் பட்டியல் எதுவும் இல்லை, முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் வாட்ஸ்அப்புக்குப் பதில் வர ரொம்ப நேரமாகிறது. மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். கடிதங்கள் எல்லாம் மலாயில்தான், வாயால் தமிழில் விளக்கியதை ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தால் வயதானவர்கள் வீட்டில் பிள்ளைகளிடம் காட்டலாம், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். உயர் நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர் தனியாகப் பிடிக்க வேண்டும், அந்தச் செலவு வேறு.

எந்த ஏஜெண்டிடம் போனாலும் அதே வருமான வரிச் சட்டத்தின் 153வது பிரிவின்படி அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள், இவர் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார். கணக்குப் பத்திரங்களை 7 வருஷம் வைக்கச் சொல்கிறது சட்டம், ஆனால் நிலம் என்றால் வாங்கிய நாளின் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்), ரசீது வரைக்கும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரண வேலைக்கு ஏப்ரல், ஜூன் தவிர்த்துப் போவது நல்லது. கணிப்பு நோட்டீஸ் வந்திருந்தால் மட்டும் மாதம் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், தபால் முத்திரை உள்ள கவரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அக்கா அதைத்தான் முதலில் கேட்பார்.